கல்லூரி காட்டும் நெட் பிரைஸ் யாருடையது? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவிப் புள்ளிவிவரங்களை என் மகளுக்காகத்தான் முதலில் தோண்டினேன். அப்புறம் நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள். இப்போது குளிர்காலம் வந்தாலே யாராவது ஒரு கல்லூரிப் பட்டியலோடு கூப்பிட்டுவிடுகிறார்கள். காலேஜ் நேவிகேட்டர், காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளங்கள், கல்லூரிகளே வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரப் படிவம் என்று மாற்றி மாற்றிப் பார்த்த வரையில், அப்பட்டமான பொய் எண் அரிது. யாரைக் கணக்கில் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நெட் பிரைஸ் என்பது மொத்தச் செலவில் உதவித்தொகை போக மிஞ்சுவது. நேவிகேட்டரில் வரும் அதன் சராசரி, ஐபெட்ஸ் என்ற அரசுக் கணக்கெடுப்பில் கல்லூரிகளே நிரப்பித் தருவது. கூட்டாட்சி உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரி இதைத் தந்தே ஆக வேண்டும், தராவிட்டால் அபராதம். ஆனால் அந்தச் சராசரியில் வருபவர்கள் முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவர்கள் மட்டும். அவர்களிலும் கிராண்ட் அல்லது ஸ்காலர்ஷிப், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவி, கிடைத்தவர்கள் மட்டும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வருபவர் இல்லை. முழுக் கட்டணம் கட்டுபவரும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்மாநிலக் கட்டணக்காரர்கள் மட்டுமே. ஜார்ஜியா மாநிலத்தில் இருந்துகொண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இந்த எண்ணை நம்பி பட்ஜெட் போட்டால் தலையில் துண்டுதான்.

வருமானவாரி அட்டவணை இன்னும் வேடிக்கை. கடைசிப் பிரிவு 110,001 டாலரில் தொடங்கி மேலே எல்லையில்லாமல் போகிறது. 115,000 வாங்குபவரும் 400,000 வாங்குபவரும் ஒரே வரியில். அதிலும் கடனாகவாவது கூட்டாட்சி உதவி பெற்றவர்களைத்தான் எண்ணுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீடுகளுக்கு அந்த வரியைக் காட்டுவதையே நான் நிறுத்திவிட்டேன்.

எனக்கு அதிகம் உதவியது காமன் டேட்டா செட்டில் நிதியுதவியைச் சொல்லும் ஹெச் பகுதி. எத்தனை பேர் உதவி கேட்டார்கள், எத்தனை பேருக்குத் தேவை இருப்பதாகக் கல்லூரி ஒப்புக்கொண்டது, எத்தனை பேருக்கு அந்தத் தேவை முழுதாகத் தீர்ந்தது என்று வரிசையாக வரும். சராசரியாகத் தேவையில் 80 சதவீதம் தீர்த்தோம் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் வரியைப் பார்த்தால் முழுதாகத் தீர்ந்தவர்கள் ஒரு கைப்பிடி. முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். பட்டதாரிகளின் கடன் பகுதியில் மட்டும் கவனம்: பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடன் அதில் சேராது. பிள்ளையின் கடன் குறைவாகத் தெரியும். அப்பாவின் தலையில் இருப்பது தெரியாது.

காமன் டேட்டா செட்டைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பதுதான் குறை. சில கல்லூரிகள் வெளியிடுவதே இல்லை, சில ஹெச் பகுதியைக் காலியாக விடுகின்றன. ஒரு கல்லூரியின் சராசரிக் கடன் அடுத்தடுத்த ஆண்டுகளில் டாலர் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. பழைய கோப்பை அப்படியே நகலெடுத்திருப்பார்கள் என்று நினைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆனால் சில வாரங்களில் எண் மட்டும் மாறியது. சரி, படிக்கவாவது யாரோ இருக்கிறார்கள்!

2011 அக்டோபர் இறுதி முதல், கூட்டாட்சி உதவித் திட்டங்களில் இருந்து முதன்முறை முழுநேர மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரியும் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும். வீட்டு மதிப்பு, சேமிப்பு, பிள்ளைகள் எண்ணிக்கை என்று குடைந்து கேட்பவை ஓரளவு நெருங்கி வருகின்றன. ஏழெட்டுக் கேள்வியில் முடிப்பவை பழைய சராசரியையே திருப்பித் தருகின்றன.

கடைசியில் வரும் நிதியுதவி ஆஃபர் கடிதத்தைத்தான் நான் குறைவாக நம்புகிறேன். 91 சதவீதக் கல்லூரிகள் அதில் நெட் பிரைஸைச் சொல்வதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022-ல் மதிப்பிட்டது. கடிதம் கைக்கு வந்ததும் கடன், வொர்க் ஸ்டடி (படித்துக்கொண்டே வேலை செய்து வாங்கும் சம்பளம்) இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவிலிருந்து கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழிக்கச் சொல்கிறேன். அந்த ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டுக்கும் உண்டா, எந்த ஜிபிஏவுக்குக் கீழே போனால் நிற்கும் என்பதை எய்ட் ஆபீஸிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது மேலே சொன்ன எந்த அட்டவணையிலும் கிடைக்காது.