அலுமினியப் பொல்லு: எழுவான்கரை மணலில் எது நிற்கும், எது சாயும்

மட்டக்களப்பு நகரத்துப் பாமசிகளிலும் காத்தான்குடி, கல்முனைக் கடைகளிலும் முதியவர்களுக்கென்று தொங்குகிற பொல்லுகள் (ஊன்றுகோல்கள்) பெரும்பாலும் மூன்று வகைதான்: உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைக்கால் அலுமினியப் பொல்லு, மடித்துப் பைக்குள் வைக்கும் பொல்லு, அடியில் நாலு கால் விரிந்த பொல்லு. கடையின் மாபிள் தரையில் நாலு எட்டு வைத்துப் பார்த்தால் மூன்றும் நல்லதாகத்தான் இருக்கும். வளவு மணலிலும் கிணற்றடி ஈரத்திலும் ஊன்றும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

முதலிடம் ஒற்றைக்காலுக்கு. அரைக் கிலோகூட நிறையில்லை, மூன்றிலும் விலை குறைந்தது, பழுதானாலும் திருத்தலாம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், ஒரு ஸ்பிரிங் பொத்தான், கீழே ஒரு பூட்டுச் சுரை (நட்), அடியில் றப்பர்: இவ்வளவுதான் அதன் உறுப்புகள். துளைகள் ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். பொத்தான் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்தி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாதி வெளியே, பாதி உள்ளே என்று நின்றால் உடம்புப் பாரம் விழும் நேரத்தில் குழாய் சறுக்கி உள்ளே போய்விடும். நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் பொல்லு உடையப்போகிறது என்று பயப்படத் தேவையில்லை. பூட்டுச் சுரை இளகிவிட்டது, கையால் இறுக்கினால் சரி. உப்புக்காற்றில் முதலில் கெடுவது அலுமினியம் அல்ல, உள்ளே இருக்கிற உருக்கு ஸ்பிரிங். மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றி, மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டினால் ஸ்பிரிங் நெடுநாள் உழைக்கும்.

உயரத்தை இடுப்பை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், பொல்லின் பிடி மணிக்கட்டின் உள்மடிப்புக்கு நேரே வரவேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கும். உயரம் கூடிப்போனால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து நோகும். குறைந்தால் முன்னுக்குக் கூன வேண்டிவரும். வலது முழங்கால் நோவுக்குப் பொல்லு இடது கையில். நோகிற பக்கத்துக் கையில் பிடிப்பவர்களைத்தான் றோட்டில் அதிகம் காணலாம். அப்படிப் பிடித்தால் பாரம் முழுதும் அந்தக் காலின் மேலேயே சாயும். பொல்லும் நோகிற காலும் ஒன்றாக முன்னே போகவேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பொல்லும் நோகிற காலும் முதலில்.

பிடியில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்கு அகலமாக வார்த்த பிடி, விரல் மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு நல்ல சுகம். ஆனால் அது வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. கையில் பிடித்துப் பார்க்காமல் பிள்ளைகள் வாங்கிவந்தால் அது வீணாகிப்போகப் பாதி வாய்ப்பு உண்டு. குடைக்காம்பு போல வளைந்த பிடி கையில் மாட்டித் தொங்கவிட வசதி. பாரம் தண்டுக்கு நேரே இறங்காததால், நிறையச் சாய்ந்து நடப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. கட்டாரிலிருந்து மகன் கொண்டுவரும் லைற், மணி எல்லாம் பூட்டிய பொல்லுகளைப் பற்றி ஒன்றுதான் சொல்லலாம்: லைற் எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் அடி றப்பரைப் பாருங்கள்.

உண்மையில் வாங்குவது அந்த றப்பரைத்தான். பொல்லு என்பது அதைத் தாங்குகிற குழாய். கடைகளில் வரும் பொல்லுகளுக்கு 19 மில்லிமீற்றர் உள்விட்ட றப்பர் அதிகம் பொருந்தும். ஆனாலும் பழைய றப்பரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. தளர்ந்திருந்தால் சேற்றில் கழன்று நின்றுவிடும். அடியில் உள்ள வளையக் கோடுகள் தேய்ந்து மொட்டையானதும் மாற்ற வேண்டும். அதைவிட ஆபத்தானது கண்ணில் படாத தேய்வு: குழாயின் விளிம்பு உள்ளிருந்து றப்பரை வட்டமாக அறுத்துக்கொண்டே வரும். அதைத் தடுக்க உள்ளே ஓர் உருக்கு வொஷர் இருக்கவேண்டும். மலிவான றப்பர்களில் இது இருக்காது; இருந்தாலும் உப்புத்தண்ணீர் பட்டால் துருப்பிடித்து உதிரும். றப்பரைக் கழற்றி உள்ளே பெருவிரலை விட்டு அழுத்தினால் பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில் ஈரமான ரைல்ஸில் ஊன்றினால் உலோகம்தான் தரையைத் தொடும், பிடிமானம் இருக்காது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டும் கைவைத்தியம் வேண்டாம்; ஒரு வாரத்தில் துளைந்துவிடும்.

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கோயில் வீதி மணல் என்று எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) முழுதும் சாதாரண றப்பர் மணலுக்குள் இறங்கிவிடும். அடி அகன்று, நடுவில் வளைந்து கொடுக்கும் றப்பர் தனியாகக் கிடைக்கிறது. பாரம் பரவுவதால் அது அவ்வளவு தாழாது. பள்ளிவாசல் விரிப்பிலும் வீட்டுத் தரையிலும் கால் வைக்குமுன் பொல்லின் அடியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அடியில் ஒட்டிய மணலும் வழுக்கும்.

நாலுகால் பொல்லு சமதரைக்காரருக்கு. பாரிசவாதத்தின் பின் ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு, வீட்டுக்குள் நடக்க அது நல்ல துணை. கைவிட்டாலும் தானாக நிற்கும். ஆனால் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால்தான் அதற்குப் பலம். மணலில் ஒரு கால் தாழும், மற்றது தாழாது, பொல்லு சாயும். கெதியாக நடப்பவருக்குப் பின்கால்கள் தட்டி முன்கால்களுக்கு ஆடும். தட்டையான பக்கம் உடம்பை நோக்கியும் விரிந்த பக்கம் வெளியேயும் இருக்கவேண்டும். மாறியிருந்தால் சொந்தக் காலே தடுக்கும். பல கடைகளில் வலக்கைக்குப் பூட்டியபடியே கொடுப்பார்கள். இடக்கைக்கு வேண்டுமானால் அடியைத் திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள். ஒடுங்கிய படிகள் உள்ள வீடென்றால் அடித்தட்டின் அகலத்தையும் படியின் அகலத்தையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.

மடிக்கும் பொல்லு பஸ் பயணத்துக்கு மட்டும். துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது உள்ளே ஓடும் ஒரு இழுபடும் நாடா. மாரியில் படுவான்கரையின் (வாவிக்கு மேற்குப் பக்கம்) களிமண்ணில் அடி சிக்கிக்கொண்டால், இழுக்கும்போது மூட்டு கழன்று மேல்துண்டு மட்டும் கையோடு வரும். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தாருக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது.

எந்தப் பொல்லும் கால் பலத்தைத் தராது. அதை ஒரு கதிரையை வைத்து அளக்கலாம். சுமார் 43 சென்ரிமீற்றர் உயரமுள்ள, கை இல்லாத கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 செக்கனில் எத்தனை முறை முழுதாக எழும்பி நின்று மறுபடி உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 65–69 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 11க்கும் குறைந்தால், 80–84 வயதில் ஆண்கள் 10க்கும் பெண்கள் 9க்கும் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம். கையை ஊன்றித்தான் எழும்ப முடியுமென்றால் கணக்கு பூச்சியம். அளவுகோலே பயிற்சியும்கூட: எட்டுப் பத்து முறை, சற்று ஆறி இன்னொரு சுற்று, வாரத்தில் மூன்று நாள். அதோடு குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதி உயர்த்தி இறக்குவது பத்து முறை, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்துப் பத்துச் செக்கன் நிற்பது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லியிருக்கிறது. நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பொல்லை ஊன்றியும் இன்னொருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தால் பொல்லு போதாது, இரண்டு கையாலும் பிடித்து நடக்கும் சட்டமான வோக்கர்தான். அதைக் கடையில் வாங்குமுன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ இயன்மருத்துவரிடம் நடந்து காட்டி, சக்கரம் வைத்ததா இல்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணல் வளவில் சின்னச் சக்கரம் உருளாது.