மேஜிக் சாமான் கடை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மகளின் பிறந்தநாளுக்கு மேஜிக் சாமான் எங்கே வாங்கலாம் என்று அலுவலக நண்பர் கேட்டார். நான் போகும் கடையைச் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் யோசனையாகவே இருக்கிறது. சென்னையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டும். சீட்டுக்கட்டு, கயிறு, பட்டுத்துணி, ஸ்பாஞ்ச் பந்து எல்லாம் கிடைக்கும், விலையும் நியாயம்தான். ஆனால் கடைக்காரர் பாய் லேசில் விற்க மாட்டார்.

போன வாரம், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கழற்றிக் காட்டும் எட்டு வளையம் செட் கேட்டேன். பணம் என் கையில், பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில். “போன தடவை செப்பும் பந்தும் வாங்கிட்டுப் போனீங்களே, அதைப் பண்ணிக் காட்டுங்க” என்றார். கிண்ணத்துக்குக் கீழே பந்தை மறைத்தும் வரவழைத்தும் காட்டும் வித்தை. இரு விரல் இடுக்கில் பிடிக்க வசதியாக மேலே குமிழ் வைத்த நம்மூர்ச் செப்பு அது. செய்தேன். பாதியிலேயே, “இன்னும் ஆகலை தம்பி, அடுத்த மாசம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார். அதுவும் கடையில் ஆள் நிற்கும்போது. காசு கொடுத்து வாங்க வந்தவனுக்குப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்ப ஒரு கடைக்காரருக்கு என்ன உரிமை? இது முதல் தடவையும் இல்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கவுண்டரில் விரித்த பச்சைத் துணியின் மேல் கற்றதுதான். வீடியோ பார்த்துக் காசு வித்தை பழகியவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டாலர் வைத்திருப்பார்கள். அதன் அகலம் 30.6 மி.மீ. நம்முடைய இப்போதைய ஒரு ரூபாயோ வெறும் 20-22 மி.மீ. உள்ளங்கையில் ஒளித்துப் பிடித்தால் நிற்காமல் நழுவிவிடும். பாய் ஒரு டப்பாவைத் துழாவி 1970-களின் பழைய ஒரு ரூபாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 28 மி.மீ., 8 கிராம். கட்டைவிரல் சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்றைக்கு அங்கே நின்றிருந்த எட்டாம் வகுப்புப் பையன்தான், “அண்ணா, கை சரியா இருக்கு, கண்ணுதான் ஒளிச்ச கைக்குப் போகுது” என்றான். காசு இருப்பதாகக் காட்டும் கையை முதலில் நாம் நம்பிப் பார்க்க வேண்டும், எதிரில் இருப்பவர் கண்ணும் அங்கேதான் வரும். வீடியோக்களில் கேட்காத விஷயம் இல்லை. ஆனால் ஒருவன் பக்கத்தில் நின்று, “இப்போ போச்சு, இப்போ போச்சு” என்று பிடித்துக் காட்டும்போதுதான் அது உடம்பில் ஏறுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் சேரும். ரிட்டயர்டு பேங்க் சார் பாலக்காட்டுக்காரர். செப்பும் பந்தும் வித்தையில் பேர் போன கேரள மேஜிக்காரர் வாழக்குன்னம் நம்பூதிரியின் பேச்சை எடுத்தால் பாய் ஷட்டர் இறக்கும் வரை நிறுத்த மாட்டார். அப்புறம் ஆட்டோ ஓட்டும் அண்ணன். எங்கள் எல்லோரையும்விட அவருக்குச் சீட்டு நன்றாகப் பேசும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சவாரி முடித்துவிட்டு ராத்திரி துணைக்கு வந்து உட்கார்ந்தவர் அவர்தான். ட்ரிப் ஏறாத கையால் அப்பாவை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி, அதைத் தலையணைக்கு அடியிலிருந்து வரவழைத்தார். அப்பா நர்ஸைக் கூப்பிட்டு அதை மறுபடி செய்ய வைத்தார். சொந்தக்காரர்கள் யாருக்கும் அந்தச் சிரிப்பை வரவைக்கத் தெரியவில்லை.

கேட்டதும் பாய் எடுத்துக் கொடுத்திருந்தால் நாங்கள் ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். காக்க வைத்ததால்தான் பழகினோம். அது எனக்கு நன்றாகவே புரிகிறது.

புரிந்தாலும் நண்பருக்கு அந்தக் கடையைச் சொல்லப் போவதில்லை. பிறந்தநாளுக்குப் பொருள் கையில் இருக்க வேண்டும், பாய் தருவார் என்று என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கட்டும். பிள்ளைக்கு நிஜமாகவே ஆசை பிடித்துக்கொண்டால் அப்போது நானே கூட்டிப் போகிறேன். மற்றபடி கடை என்ற அளவில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். வளையம் என் கைக்கு வருகிற வரை அதை மாற்றுவதாக இல்லை.