கொழும்பின் நீர்வெட்டுக் கால ஏற்பாடுகள்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு மதிப்பீடு

சாதாரண நாளில் கொழும்பின் நீர் வழங்கல் சேவையைக் குறைசொல்வது கடினம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, தண்ணீர் லொறியான பவுசரைக் கொண்டுவருபவர் கேட்கும் விலையோடு பார்த்தால் கட்டணமும் பெரிதல்ல. வழங்கல் தடைப்படும் நாளில்தான் ஒரு சேவையின் தரம் தெரியவரும் என்பதால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நெருக்கடிக் கால ஏற்பாடுகளை மட்டும், தொடர்மாடியில் வசிக்கும் ஒரு பாவனையாளராக, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முன்கூட்டியே திட்டமிட்ட நீர்வெட்டுக்குத் தாராளமாகவே புள்ளி கொடுக்கலாம். அத்தியாவசியத் திருத்த வேலை என்றால் எந்தெந்தக் கொழும்பு இலக்கங்களுக்கு (அஞ்சல் வலயங்களுக்கு) நீர் நிற்கும், எவற்றுக்குக் குறைந்த அழுத்தத்தில் வரும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதெல்லாம் அறிவித்தலில் தெளிவாக இருக்கும். விசாரிப்பதற்கு 1939 என்ற இலக்கமும் உண்டு. ஆனால் அறிவித்தலில் அச்சிடப்படும் முடிவு நேரம் வால்வு திறக்கும் நேரமே தவிர, தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும் நேரமல்ல. வெறுமையான பிரதான குழாய் நிரம்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேறி, அழுத்தம் ஏறிய பிறகே மேட்டுப் பகுதிகளுக்கும் குழாய்வழியின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கும் முறை வரும். அந்தத் தாமதத்தையும், முதலில் வரும் கலங்கிய நீரைச் சற்று ஓடவிட வேண்டும் என்பதையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டால் போதும். அந்த வரி இல்லாததால்தான் பலர் குழாய்வழியிலேயே நேரடியாக மோட்டாரைப் பொருத்தி, அயலவரின் பங்கோடு வெடிப்புகளால் கசியும் அழுக்கையும் சேர்த்து உறிஞ்சுகிறார்கள்.

திடீரென வரும் தட்டுப்பாடு வேறு கதை. 1886இல் கட்டிமுடிக்கப்பட்ட லபுகம நீர்த்தேக்கமும், அதன் பின் வந்த கலட்டுவாவயும் இன்னமும் நகருக்கு நீர் தருகின்றன என்றாலும், இன்றைய தேவையின் பெரும்பகுதியைச் சுமப்பது களனி கங்கையும் அதன் கரையில் அம்பத்தலேயில் உள்ள சுத்திகரிப்பு நிலையமுமே. ஆகவே நகரின் ஆபத்துகளும் பெருமளவுக்கு அங்கேயே குவிந்திருக்கின்றன. 2015 ஆகஸ்டில் ஆற்றில் எண்ணெய் கலந்தபோது அங்கு நீர் எடுப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது நீர் வழங்கலும் பாதிக்கப்பட்டது. பம்பிகள் நின்றால் உயரத் தாங்கிகளில் இருப்பதைக் கொண்டு எத்தனை மணி நேரம் ஓட்ட முடியும்?

உவர்நீர் இவற்றைவிட மெதுவாக வரும் எதிரி. வறட்சியில் ஆற்றின் நீரோட்டம் தளரும்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுகிறது. நன்னீரைவிடக் கனமானது என்பதால் அடியோடு ஊர்ந்து வருகிறது. பல ஆண்டு மணல் அகழ்வால் ஆற்றுப் படுக்கை தாழ்ந்துபோனது அதற்குப் பாதை அமைத்துக் கொடுத்திருக்கிறது. சுத்திகரிப்பில் பயன்படும் படிகாரமும் மணல் வடியும் குளோரினும் உப்பை அகற்றா. உப்பின் ஒரு கூறான குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கித் தடுப்பது பயனுள்ளதுதான், ஆனால் அது பொறியியலாளருக்கான திட்டம். பாவனையாளருக்கான திட்டம் எங்கே என்பதே என் கேள்வி. 2018இல் கேப் டவுன் நகரம் தட்டுப்பாட்டைப் படிநிலைகளாகப் பிரித்து, உச்சக் கட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வெளிப்படையாகச் சொன்னது. இங்கே வறட்சி தொடங்கினால் கிடைப்பது 'சிக்கனமாகப் பாவியுங்கள்' என்ற வேண்டுகோள். எந்த நீர்மட்டத்தில் தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் தடை வரும், எப்போது பகுதி பகுதியாக விநியோகம் தொடங்கும், வைத்தியசாலைகளுக்கு அடுத்து யாருக்குப் பவுசர் முன்னுரிமை என்பவை வறட்சிக்கு முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைத் தனியார் பவுசர்கள் நிரப்புகின்றன, அதுவும் ஒழுங்கின்றி. கடந்த முறை எங்கள் தொடர்மாடி அழைத்த சேவை (பெயர் வேண்டாம்) குழாயில் தண்ணீர் திரும்பிய பிறகே ஒழுங்கைக்குள் நுழைந்தது. குழாயை நிலத்தடித் தாங்கிக்குள் இறக்கிக்கொண்டிருந்த சாரதியிடம், "தம்பி, இது எங்க எடுத்த தண்ணி?" என்று கேட்டதற்கு, "நல்ல கிணத்துத் தண்ணிதான் ஐயா" என்பதற்கு மேல் விபரம் வரவில்லை, பற்றுச்சீட்டில் தொகை மட்டுமே இருந்தது. விநியோகிக்கும் இடத்தில் குடிநீரில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், அதைப் பார்ப்பதற்கான சோதனைப் பெட்டியும் சிறியதுதான்.

திட்டமிட்ட நீர்வெட்டுக்கு ஐந்தில் நான்கு, திடீர்த் தட்டுப்பாட்டுக்கு இரண்டு. எங்கள் கட்டடத்தில் இரண்டு நிலத்தடித் தாங்கிகள் இருப்பதால், நீர் எடுத்த இடத்தை எழுதித் தராத பவுசரின் தண்ணீரைக் கழிப்பறைகளுக்குச் செல்லும் தாங்கிக்குள் மட்டுமே விட வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம்.