பேக் பட்டனுக்காகச் சந்தாவை நிறுத்திவிட்டேன்

நான் மளிகை வாங்கும் ஆப்பின் ஆண்டுச் சந்தாவை இந்த மாதம் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சித்தி மகள், மேல்மாடி அக்கா, அலுவலகத் தோழி என்று பலரும் “சேரலாமா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். நீண்ட நாளாகச் சந்தா கட்டி, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாராவாரம் பயன்படுத்தியவள் நான். விலை, டெலிவரிக் கட்டணம், எந்தப் பேட்டைக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் ஆப்பைத் திறந்தாலே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சின்ன வெங்காயம் அழுகாமல் வருகிறது. முருங்கைக்கீரையைக் காலையில் கேட்டால் சாயங்காலம் வாடாமல் வாசலில் இருக்கிறது. முட்டை உடைந்திருந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதும், கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எங்கள் புளோக்கில் லிஃப்ட் பழுதான நாளிலும் டெலிவரி அண்ணன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து மேலே ஏற்றிக் கொண்டுவந்தார். அவருக்கு அம்மா மோர் கொடுத்தார்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை முழுவதும் பேக் பட்டனில், அதாவது முந்தைய திரைக்குப் பின்னால் போவதில்தான் இருக்கிறது.

துவரம் பருப்பு வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடலில் போட்டதும் நீளமான பட்டியல் வரும். ஒரு கிலோ பாக்கெட் மட்டும் வேண்டும் என்று வடிகட்டுகிறேன். விலை குறைந்தது முதலில் வரும்படி மாற்றுகிறேன். விரலால் தள்ளிக்கொண்டே கீழே போய், நடுவில் எங்கேயோ இருக்கும் ஒரு பாக்கெட்டைத் திறந்து, எந்த நாட்டுப் பருப்பு, எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்கிறேன். சரி, அடுத்ததையும் பார்ப்போம் என்று பேக் அழுத்துகிறேன். பட்டியல் உச்சிக்குப் போய்விடுகிறது. வடிகட்டியது போயிற்று, வரிசைப்படுத்தியது போயிற்று. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டு, மறுபடி கீழே வந்து, இப்போது எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று யோசிக்க வேண்டும். இது பருப்புக்கு. அப்புறம் எண்ணெய், அப்புறம் கோதுமை மாவு, அப்புறம் சோப்புத்தூள். ஒப்பிட்டு வாங்குகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வாங்குகிறவளுக்கு இன்னும் பெரிய விஷயம். பல தடவை பொறுமை போய், கண்ணில் பட்ட முதல் பாக்கெட்டையே கூடையில் போட்டிருக்கிறேன். விலை பார்த்து வாங்கத்தானே இந்த ஆப்புக்கு வந்தோம்?

என் வேலையே மென்பொருள் சோதனை. அதனால் இதைப் பார்க்கும்போது எரிச்சலோடு காரணமும் சேர்ந்தே தெரிகிறது. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான எச்டிசி ட்ரீமிலேயே பேக்குக்கென்று தனிப் பொத்தான் இருந்தது. அதன் கணக்கு எளிமையானது. நாம் திறக்கும் ஒவ்வொரு திரையும் முந்தைய திரையின்மேல் அடுக்கப்படும். பேக் அழுத்தினால் மேலே இருப்பது நீங்கி, கீழே இருப்பது தெரியும். ஆனால் கீழே இருந்த திரையை விட்ட நிலையிலேயே திரும்பக் காட்டுவது ஆப்பை எழுதியவர்கள் பொறுப்பு. இந்த ஆப்பில் அந்தத் திரையைக் கலைத்துவிட்டு, திரும்பி வரும்போது பட்டியலைச் சர்வரிலிருந்து புதிதாகக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அந்தச் சுற்றும் வட்டம் வருகிறது. பட்டியல் வந்து சேர்வதற்குள் பழைய இடத்துக்குப் போக முயன்றால், போவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அதனால்தான் உச்சியில் நிற்கிறது. இது உலகமறிந்த சிக்கல். பட்டியல் காலியாக இருக்கும்வரை காத்திருந்து, நிரம்பிய பிறகு பழைய இடத்துக்குப் போ என்று சொல்லும் வசதி ஆண்ட்ராய்டின் நூலகத்தில் (ஆப் எழுதுகிறவர்களுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு) 2021 முதலே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதே ஆப் ஐபோனில் ஒழுங்காக நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. என் கணவர் ஐபோன் வைத்திருக்கிறார். அங்கே இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் பருப்புப் பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஓரத்திலிருந்து இழுக்கும் அந்தப் பழக்கம் 2013-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7-உடன் வந்தது. அங்கே பொதுவாக முந்தைய திரையைக் கலைக்காமல் அடியிலேயே வைத்திருப்பார்கள், அதனால் அதிகம் மெனக்கெடாமலே இது சரியாக வந்துவிடும். ஐபோனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. சந்தா ஒரே தொகைதான்.

திரையின் கீழே இருக்கும் தாவல்களும் (டேப்) இப்படித்தான். சலுகைகள் தாவலில் மூன்று திரை உள்ளே போயிருப்பேன், கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினால் சலுகைகள் முதல் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு தாவலுக்கும் தனி அடுக்கு வைத்து நினைவில் கொள்ளும் வசதியைக் கூகுளின் நேவிகேஷன் நூலகம் 2022-ல் நேரடியாகவே கொடுத்துவிட்டது. அதற்கு முன்னால் கையால் எழுத வேண்டியிருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது அந்தச் சாக்கு இல்லை.

பணம் கட்டும் இடத்துக்கு வருவோம். இங்கே எரிச்சல் போய் நிஜமான கவலை வந்துவிடுகிறது.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம். டெலிவரி நேரம் கிடைப்பதே அரிது. கிடைத்த ஒன்றைப் பிடித்து, பேநவ் (இங்கே சிங்கப்பூரில் வங்கி ஆப் வழியாக உடனே பணம் அனுப்பும் முறை) என்று தேர்ந்தெடுத்து, கியூஆர் படத்தைச் சேமித்து, வங்கி ஆப்புக்குப் போய் அந்தப் படத்தைக் காட்டிப் பணம் அனுப்பினேன். திரும்பி வந்தால் மளிகை ஆப் தன் சின்னத்தைக் காட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறது. கூடை அப்படியே இருக்கிறது, பிடித்த நேரம் இல்லை, ஆர்டர் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆர்டர் உறுதியானது என்று மின்னஞ்சல் வந்தது, நேரமும் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் மறுபடி ஒருமுறை பணம் கட்டிவிடலாமா என்று கை துடித்தது. அப்படிக் கட்டியவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

நினைவகம் குறைவான கைப்பேசியில் நாம் வேறு ஆப்புக்குப் போனதும் பின்னால் இருப்பதை ஆண்ட்ராய்டு மூடிவிடலாம். அது விதிப்படி நடப்பதுதான், கைப்பேசியின் தவறு இல்லை. மூடப்படலாம் என்று எதிர்பார்த்து, எந்தத் திரையில் இருந்தோம், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சின்னதாக ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது ஆப்பின் கடமை. அதிலும் பேநவ் போன்ற வழியில் பணம் கட்டச் சொன்னால் எங்களை வங்கி ஆப்புக்கு அனுப்புவதே அவர்கள்தானே? போய்த் திரும்பி வருகிறவரை வரவேற்கத் தெரிய வேண்டாமா?

அட்டை மூலம் கட்டினால் வேறு விதமான தொல்லை. அந்தப் பக்கம் ஆப்புக்குள் திறக்கும் ஒரு வலைப்பக்கம். அதில் பேக் அழுத்தினால் வலைப்பக்கத்துக்குள் ஒரு படி பின்னால் போக வேண்டும், அல்லது “கட்டணத்தை நிறுத்தவா?” என்று கேட்க வேண்டும். இந்த ஆப் ஒன்றும் கேட்காமல் மொத்தமாக மூடிவிடுகிறது. ஆனால் முகப்புப் பக்கத்தில் மட்டும் “வெளியேற மீண்டும் அழுத்தவும்” என்று வருகிறது. வெளியேறினால் எனக்கு எதுவும் நஷ்டமில்லாத இடத்தில் கேட்கிறார்கள், நஷ்டமாகும் இடத்தில் கேட்பதில்லை.

அம்மாவின் கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டுப் பெரியவர்களுக்காகத்தான் கேட்கிறார்கள். அம்மாவின் சாம்சங்கைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியபோது எல்லாம் அழிந்து புதிதாக வந்தது. அதில் கீழே இருந்த மூன்று பொத்தான்களுக்குப் பதில் ஓரத்திலிருந்து இழுக்கும் முறை அமைந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 10-உடன் 2019-ல் வந்த முறை அது. இடது, வலது என்று எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பேக். மளிகை ஆப்பின் முகப்பிலோ சலுகைப் படங்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன, விரலால் தள்ளித்தான் பார்க்க வேண்டும். அம்மா ஓரத்தில் விரல் வைத்துத் தள்ளுவார், பேக் என்று எடுத்துக்கொண்டு திரை மாறிவிடும். “எங்கடி போச்சு இது? இப்பத்தான் இருந்துச்சு” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டுவார். அவருக்குக் கை நடுங்குவதில்லை, கண்ணும் நன்றாகத் தெரியும். தேக்கா சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசுகிறவர், இந்தத் திரை முன்னால் தடுமாறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. சாம்சங்கில் அமைப்புகளுக்குள் டிஸ்ப்ளே, அதில் நேவிகேஷன் பார். அங்கே பொத்தான்களைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் திரும்பி வந்துவிடும். பேக் வலப்பக்கம் வேண்டுமா இடப்பக்கம் வேண்டுமா என்றும் அங்கேயே மாற்றலாம். சாம்சங்கில் அது வழக்கமாக வலப்பக்கம், கூகுளின் பிக்சல் கைப்பேசியில் இடப்பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற பெரியவர்களுக்கு முதலில் இதைச் செய்து கொடுங்கள். அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்த அன்றைக்கே என்னைக் கூப்பிடுவது நின்றது.

வாடிக்கையாளர் சேவைக்கு எல்லாவற்றையும் திரைப் பதிவோடு எழுதி அனுப்பினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். கேஷை (ஆப் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தரவை) அழித்துப் பாருங்கள், ஆப்பை நீக்கி மறுபடி போட்டுப் பாருங்கள் என்றார்கள். பதில் எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். என் புகாரை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நிறுவனம் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

பேக் எவ்வளவு நன்றாக அமையலாம் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஓரத்திலிருந்து விரலை மெதுவாக இழுத்தால், விடுவதற்கு முன்பே எங்கே போகப் போகிறோம் என்று பின்னாலுள்ள திரை எட்டிப் பார்க்கும். வேண்டாமென்றால் விரலைப் பழையபடி ஓரத்துக்கே கொண்டுபோனால் போதும். 2022-ல் ஆண்ட்ராய்டு 13-ல் இதற்கு அடித்தளம் போட்டார்கள், ஆண்ட்ராய்டு 15-ல் தயாரான ஆப்களுக்கெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் குறிப்பெழுதப் பயன்படுத்தும் ஆப்பில் அது வந்த நாளில் சும்மாவே நாலைந்து முறை இழுத்துப் பார்த்து மகிழ்ந்தேன். விடுமுன்பே போகுமிடத்தைக் காட்டுவது எவ்வளவு மரியாதையான செயல்!

சரி, சேரலாமா? ஐபோன் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் சேருங்கள், குறைத்த விலைக்கு இது நல்ல பேரம். ஆண்ட்ராய்டுக்காரர்கள் சந்தா கட்டாமல், தேவைப்படும்போது மட்டும் வாங்கிப் பாருங்கள். கீரையும் வெங்காயமும் டெலிவரி அண்ணனும் இவ்வளவு அருமையாக இருந்தும் நான் இந்த முறை புதுப்பிக்கவில்லை. கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் நஷ்டம், டெலிவரிக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் அந்தச் சின்னம் சுற்றிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசியாக வந்த புதுப்பிப்பில், மேலே சொன்ன குறைகளில் தேடல் பட்டியல் மட்டும் சரியாகி, பேக் அழுத்தினால் விட்ட இடத்தில் நிற்கிறது, வடிகட்டியதும் அப்படியே இருக்கிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள், அவருக்கு நன்றி. வகைகள் பக்கத்திலும் கட்டணப் பக்கத்திலும் இன்னும் பழைய நிலைதான். அந்த இரண்டையும் சரிசெய்தால், விலை பழையபடி ஏறியிருந்தாலும் அன்றைக்கே சந்தா கட்டுவேன்.