ஆறு வின்ரர், மூன்று சோடி பூட்ஸ்

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பனி அள்ளும் வேலைக்குப் போகத் தொடங்கி இது ஆறாவது வின்ரர். பிளாசாக்கள், கொண்டோ எனும் அடுக்குமாடிகளின் வாசல்கள், இடையில் இருக்கும் நடைபாதைகள். பனி கொட்டும் நாளில் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். விடிய ஏழு மணிக்குள் அள்ளி, ஐஸ் உருக உப்பும் போட்டு முடித்திருக்க வேண்டும். இதற்குள் மூன்று சோடி பூட்ஸ் வாங்கிவிட்டேன். இரண்டு குப்பைக்குப் போய்விட்டன, மூன்றாவது சோடி நான்காவது வின்ரராக உழைக்கிறது.

முதல் சோடியை வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மட்டையில் ‘தின்சுலேட் 1000’ என்று இருந்தது. பக்கத்தில் இருந்தது 400. ஆயிரம்தானே பெரியது, அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த எண், சூடு காக்க உள்ளே வைத்திருக்கும் தின்சுலேட் பஞ்சு ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பதுதான். ஆயிரம் என்பது ஐஸ் ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. மண்வெட்டியோடு ஓடித் திரிபவருக்கு அது அடுப்பு. ஒரு மணிக்கே சொக்ஸ் வேர்வையில் நனைந்துவிடும். மூன்று மணிக்கு உப்புப் போடும் மெதுவான வேலை தொடங்க, அதே ஈரம் விரல்களை விறைக்க வைக்கும். நான் போட்டிருந்ததோ பருத்திச் சொக்ஸ், அதுவும் இரண்டு, இறுக்கமாக. இரத்தம் ஓட இடமில்லை.

“அண்ணை, இந்தக் குளிருக்கு ஒரு பூட்ஸும் சரிவராது” என்று ட்ரக்கில் புலம்பினேன். பதினைந்து வருடமாக இதே வேலை செய்பவர் அவர். “உது குளிரில்லை தம்பி, உன்ர வேர்வை. கழட்டிப் பிழிஞ்சு பார்” என்றார். பிழிந்தேன். சொட்டியது.

இரண்டாவது சோடிக்கு வரியோடு 260 டொலர் கொடுத்தேன். தோல், உள்ளே தண்ணீர் புகாத சவ்வு, முன்னுக்கு இரும்பு மூடி, பக்கத்தில் பச்சை முக்கோணம். கட்டுமான இடங்களுக்குப் போகிறவர்கள் இந்தச் சிஎஸ்ஏ (கனடாவின் தரச் சான்று) முக்கோணத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விரல் பக்கம் 125 ஜூல் அடியைத் தாங்கும், பாதத்துக்குக் கீழிருந்து ஆணி ஏறாது என்று அர்த்தம். முதல் வருடம் உண்மையிலேயே நல்ல பூட்ஸ். லேசானது, நாள் முழுக்க நடக்கலாம். ஆனால் எங்கள் வேலையில் கால் நிற்பது வெறும் பனியில் இல்லை. உப்பும் மணலும் கலந்து உருகிய அந்தச் சாம்பல் நிறச் சேற்றில். உப்பு தோலைக் காயவைத்து வெடிக்கச் செய்கிறது. விரல் மடியும் இடத்தில் ஒரு கோடு விழுந்தது, கோடு வெடிப்பாகியது. 2022 ஜனவரி 17, பஸ்கள் எல்லாம் தெருவில் புதைந்து நின்ற அந்தத் திங்கட்கிழமை, இடது கால் சின்னி விரல் பக்கம் சில்லென்று தண்ணீர் வந்தது. இத்தனைக்கும் உப்புக் கறையை வினாகிரியும் தண்ணீரும் தொட்டுத் துடைக்க வேண்டும், தோலுக்கு மெழுகு பூச வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்து யார் துடைப்பது?

இரும்பு மூடி பற்றி ஒன்று. குளிரை அது நன்றாகக் கடத்தும், மைனஸ் இருபதில் விரல் அதை முட்டினால் தெரியும். இப்போது உலோகம் இல்லாத கொம்போசிற் மூடிதான் போடுகிறேன்.

மூன்றாவது சோடி பார்க்க அழகே இல்லை. கணுக்கால் வரை இறப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த துணி) உறை. அந்த உறைதான் விஷயம். அது ஒரு தனிச் சப்பாத்து மாதிரி வெளியே வந்துவிடும். நான் இரண்டு சோடி உறை வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குக் கோப்பி குடிக்க ட்ரக்கில் ஏறும்போது உறையையும் சொக்ஸையும் மாற்றிவிடுவேன். கடுங்குளிர் நாளில் உறையை இழுத்தால் அதன் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். காலிலிருந்து கிளம்பிய வேர்வை இறப்பரில் முட்டி உறைந்தது அது. உள்பக்கம் காய்ந்தே இருக்கும். 2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் அடுத்தடுத்துக் கொட்டியபோதும் கால் நனையவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாரம். அதைப் போட்டுக்கொண்டு ட்ரக் ஓட்டினால் எந்தப் பெடலை மிதிக்கிறேன் என்றே தெரியாது. இறப்பரும் தோலும் சேரும் தையலுக்கு வருடத்தில் இரண்டு தரம் மெழுகு பூசியே ஆக வேண்டும். மணத்தைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஐஸ் வழுக்கல் தனிக் கதை. எந்தப் பூட்ஸ் சூடானது என்பதற்கும் எது வழுக்காது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களை ஐஸ் தரையில் நடக்கவிட்டு, தரையைச் சரித்துச் சரித்துச் சோதிக்கிறார்கள். 7 பாகை சரிவில் வழுக்காமல் ஏறி இறங்கினால் அந்தப் பூட்ஸுக்கு ஒரு பனித்துகள் அடையாளம் கொடுப்பார்கள். 2016 முதல் முடிவுகளை இணையத்தில் போடுகிறார்கள். வாங்க முன் பாருங்கள். என்னுடையது அதில் பேர் எடுக்கிற ரகம் இல்லை. விழுந்ததும் ஐஸாகிவிடும் உறைமழை நாளில் பூட்ஸுக்கு மேலே ஆணி வைத்த இறப்பர் வலையை மாட்டிக்கொள்கிறேன். கொண்டோ வாசல் மாபிளில் கால் வைக்க முன் அதைக் கழற்ற மறக்காதீர்கள், நான் மறந்து ஒரு தரம் மல்லாக்க விழுந்தேன்.

அளவு பார்க்கப் பின்னேரம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே கம்பளிச் சொக்ஸோடு போட்டுப் பாருங்கள், ஒன்று போதும். உள்ளே விரல்கள் ஐந்தும் ஆட வேண்டும். நான் 9, இதில் 10 எடுத்தேன். நனைந்தால் ஹீற்றர் வாயில் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். பழைய பேப்பரைத் திணித்து இரவு விட்டால் போதும்.

இந்த முறை உறையில் குதிப்பக்கம் மெலிந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. புது உறை சம்மரிலேயே வாங்கி வைக்க வேண்டும். நவம்பரில் போனால் 10 இருக்காது.