‘சிம்ப்சன்ஸ் ஹிட் அண்ட் ரன்’ ரீமாஸ்டர் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரை வைத்து 2003இல் வந்த ‘தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்’ கேமுக்கு அதிகாரபூர்வமான ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய புதுப் பதிப்பு, எதுவும் வரவில்லை. பிசி கேம் விற்கும் ஸ்டீமில் இல்லை, ஜிஓஜியில் இல்லை, கன்சோல் கம்பெனிகளின் டிஜிட்டல் கடைகளிலும் இல்லை. ஆகவே இதற்கு “ஒரிஜினல் கீ” (கடையில் போட்டு கேமைத் திறக்கும் குறியீடு) தருகிறேன் என்று யார் சொன்னாலும் அவர் கையில் விற்க எதுவும் இல்லை என்று அர்த்தம். எனக்கு 1,299 ரூபாய் போய்விட்டது. உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த கேமை வைத்து ஏன் ஏமாற்ற முடிகிறது என்றால், விளையாடியவர்கள் யாரும் இதை மறக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ஊருக்குள் இஷ்டப்படி கார் ஓட்டலாம், இறங்கி நடக்கலாம், ரோட்டில் போகிற எந்த வண்டியையும் நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். மொத்தம் ஏழு லெவல். ஹோமர், பார்ட், லிசா, மார்ஜ், அபு என்று ஆள் மாறிக்கொண்டே வரும். தொடரில் பேசிய நடிகர்களே கேமுக்கும் குரல் கொடுத்தார்கள், தொடரின் எழுத்தாளர்களே வசனம் எழுதினார்கள். அதனால் கார்ட்டூனுக்குள்ளேயே புகுந்துவிட்ட மாதிரி இருக்கும். அதிகமாக இடித்துத் தள்ளினால் மூலையில் இருக்கும் வட்டம் நிரம்பி போலீஸ் துரத்தும், பிடிபட்டால் 50 காயின் அபராதம். லெவலுக்கு ஏழு என்று 49 சேகரிப்பு அட்டை ஒளிந்திருக்கும், எல்லாவற்றையும் எடுத்தவருக்கு, தொடருக்குள்ளேயே வரும் கார்ட்டூனான இட்சி அண்ட் ஸ்கிராட்சி படத்துக்கு டிக்கெட். கடைசி மிஷனில் கதிரியக்கக் கழிவு டிரம்மை வேற்றுக்கிரகவாசிகளின் கப்பலுக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதில் நேரம் போதாமல் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

இப்படிப்பட்ட கேம் புது கிராபிக்ஸில், 4கே-யில் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பார்க்கக் கடை மாதிரியே இருக்கும் ஒரு இணையதளம். வீடியோவும் பிரமாதம்: வெயில் படும் தெரு, பளபளக்கும் பிங்க் கார். அது ரசிகர் ஒருவர் அன்ரியல் என்ஜின் என்ற கேம் செய்யும் மென்பொருளில் தன் ஆசைக்காகச் செய்த ரீமேக்கின் காட்சி என்பது பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. காப்புரிமைப் பிரச்சினை வரும் என்று அவர் அதைப் பொதுவில் வெளியிடவே இல்லை. இவர்கள் வீடியோவை மட்டும் வெட்டி எடுத்து, மேலே “லிமிடெட் ஆஃபர்” என்று ஒட்டியிருக்கிறார்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் கார்டு, நெட்பேங்கிங் எல்லாம் இருந்தன. எதைத் தொட்டாலும் “தற்காலிகமாக இயங்கவில்லை”. க்யூஆர் கோடு ஒன்று மட்டும் வேலை செய்தது. ஸ்கேன் செய்தால் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர். “அது எங்க அக்கவுன்டன்ட் சார்” என்று சாட்டில் உடனே பதில் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்.

பணம் போன சில நிமிடங்களில் மெயில் வந்தது. கீ என்று 25 எழுத்து. அதை எந்தக் கடையில் போடுவது என்று எழுதவில்லை. கூடவே ஒரு ஜிப் கோப்புக்கான லிங்க். உள்ளே இருந்த குறிப்பில் முதல் வரியே “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு அட்மினாக ரன் செய்யவும்” என்பதுதான். வங்கி, மெயில் என்று எதுவும் இல்லாத பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இறக்கி, எதையும் ஓட்டாமல், உள்ளே என்னதான் இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

ஃபோல்டர் முழுக்க பி3டி கோப்புகள். இந்த கேமைச் செய்த வான்கூவரின் ராடிகல் என்டர்டெயின்மென்ட் தன் சொந்த என்ஜினுக்கு வைத்திருந்த வடிவம் அது. அன்ரியலில் செய்த கேம் என்றால் பெரிய பெரிய பாக் (.pak) கோப்புகள் இருந்திருக்கும், அப்படி ஒன்றுகூட இல்லை. ஆக, இருந்தது 2003இன் பழைய பிசி கேம்தான், திருட்டு நகல். அதோடு, கேமில் மாற்றங்கள் சேர்த்துத் திறப்பதற்காக ரசிகர்கள் இலவசமாகத் தரும் மாட் லாஞ்சர் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அகலத் திரையில் படம் இழுபடாமல் தெரியச் செய்கிற வேலையை அந்த லாஞ்சர் செய்யும். அதைத்தான் ‘ரீமாஸ்டர்’ என்று விற்றிருக்கிறார்கள். இதெல்லாம் போக, கேமுக்குச் சம்பந்தமே இல்லாத இன்ஸ்டாலர் ஒன்றும் இருந்தது. ஆன்டிவைரஸ் அதைத் தொட்டவுடனே கத்தியது. குறிப்பின் முதல் வரி எதற்காக என்று புரிந்தது. 1,299 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை, பிரௌசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள்தான் குறி என்பது என் சந்தேகம்.

ரீஃபண்ட் கேட்டேன். “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது ப்ரோ.” சாராக இருந்தவன் ப்ரோ ஆகிவிட்டேன். இது அந்தப் பொருளே இல்லையே என்றேன். “முதல்ல ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணி ட்ரை பண்ணுங்க, அப்புறம் பேசலாம்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள். கோப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் பிளாக்.

வங்கியில் கேட்டால், பின் நம்பரை நீங்களேதானே போட்டீர்கள், அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். யுபிஐ-யில் உள்ள தொல்லையே இதுதான். கார்டில் கட்டியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். கார்டு ஏன் அங்கே ‘இயங்கவில்லை’ என்பது இப்போது தெரிகிறதா? 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் வங்கிக்கு நடையாக நடப்பதற்கு முன் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், சாட், அந்தப் பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கிவிட்டது, அதனால்தான் ரீமாஸ்டர் வந்திருக்கிறது” என்றும் அந்தத் தளத்தில் எழுதியிருந்தார்கள். பாதி உண்மை இருப்பதால் நம்பத் தோன்றும். கேமை வெளியிட்டது விவேந்தி யுனிவர்சல். 2008இல் விவேந்தியின் கேம் பிரிவு ஆக்டிவிஷனோடு சேர்ந்தது, 2023இல் அது மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. அதுவரை சரி. ஆனால் ஹோமரும் ஸ்பிரிங்ஃபீல்டும் ஃபாக்ஸின் சொத்தாக இருந்தன, 2019இலிருந்து டிஸ்னியின் சொத்து. நடுவில் சிம்ப்சன்ஸ் கேம் செய்யும் உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குப் போய், 2007இல் அவர்கள் தனியாக ஒரு கேமே வெளியிட்டார்கள். கேமைச் செய்த ராடிகலில் 2012இல் பெரும்பாலானவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இத்தனை பெரிய கைகள் ஒன்று கூடாமல் மறுவெளியீடு நடக்காது. நடந்தால் முதலில் அந்தக் கம்பெனிகளே ஊரைக் கூட்டிச் சொல்லும், க்யூஆர் கோடு வைத்திருக்கும் ஒருவர் மூலமாக உங்களுக்குத் தெரியவராது.

என்னிடம் விற்ற தளம் இப்போது திறக்கவில்லை. அதே வீடியோ வேறு பெயரில் 999 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

விளையாடியே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பழைய டிஸ்க்தான் வழி. பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், பிசி நான்குக்கும் வந்தது. பிஎஸ்2 என்றால் டிஸ்க் எந்தப் பிராந்தியத்து டிவி முறைக்கு வந்தது, பாலா (PAL) என்டிஎஸ்சியா (NTSC) என்று பார்த்து வாங்குங்கள், மாற்றம் செய்யாத கன்சோல் வேறு பிராந்தியத்து டிஸ்க்கை எடுக்காது. நம்மூரில் கைமாறும் பிஎஸ்2 பெரும்பாலும் எந்த டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்டது என்பதால் விற்பவர் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார், ஜெராக்ஸ் கவர் போட்ட நகலையும் “ஒரிஜினல்தான்” என்று நீட்டுவார். பிசி டிஸ்க்கில் வேறு சிக்கல்: அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்க இருந்த சேஃப்டிஸ்க் பூட்டை விண்டோஸ் 10 ஏற்காது, அசல் டிஸ்க்காக இருந்தாலும் கேம் திறக்காமல் போகலாம். எதுவானாலும் டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ கேளுங்கள், கன்சோலில் போட்டு மெனு வரும்வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், வேறு ஆள் கிடைப்பார்.