ஜென், எஸ்டீம், பழைய சிட்டி: நெல்லையிலிருந்து ரேஸ் டிராக்குக்கு எதில் போவது?

திருநெல்வேலிக்காரர் ஒருவர் பழைய காரை வாங்கி டிராக்கில் ஓட்ட ஆசைப்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, கிலோமீட்டரை. நமக்கு அருகில் இருப்பது கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாகப் போனால் சுமார் 350 கிலோமீட்டர். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அது 600-ஐ ஒட்டி வரும். வண்டிக்கும் வேலைக்குமாகச் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய் மட்டும் ஒதுக்கியிருப்பவர், ஒவ்வொரு முறையும் காரை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. அதே வண்டியில் போய், பகல் முழுவதும் அதை வதைத்து, அதே வண்டியில் வீடு திரும்ப வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை முன்னால் வைத்ததும், எது நல்ல வண்டி என்று வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை குலைந்துபோகிறது.

போட்டியில் மூன்று வண்டிகள்: 1993-இல் வந்த மாருதி ஜென், 1994-இல் வந்த மாருதி எஸ்டீம், 1998 ஜனவரியில் வந்த முதல் ஹோண்டா சிட்டி. வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ பழைய கார் தரகரிடம் "வேகமாக ஓட்டிப் பழக ஒரு வண்டி வேண்டும்" என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் காட்டுவார். மாருதி 800-ஐ நான் சேர்க்கவில்லை. அதை டிராக்குக்குத் தயார் செய்யும் செலவில் ஒரு நல்ல ஜென்னையே வாங்கிவிடலாம்.

காகிதக் கணக்கைப் பார்ப்போம். ஜென்னின் எஞ்சின் 993 சிசி, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் முறை) வந்தபின் 60 குதிரைத்திறன். எடை 750 கிலோவைச் சுற்றி. எஸ்டீம் 1298 சிசி. கார்புரேட்டர் காலத்தில் 65, எம்.பி.எஃப்.ஐ. ஆனபின் 85, எடை 875 கிலோ அளவில். சிட்டியில் விடெக் எனப்படும் 1.5 லிட்டர் எஞ்சின் 106 குதிரைத்திறன். எடை ஆயிரம் கிலோவை ஒட்டி. ஒரு டன்னுக்கு எவ்வளவு திறன் என்று வகுத்தால் ஜென்னுக்கு 80, எஸ்டீமுக்கு 97, சிட்டிக்கு 106 கிடைக்கும். ஜென்னுக்கும் எஸ்டீமுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பாதிதான் எஸ்டீமுக்கும் சிட்டிக்கும் நடுவில் இருக்கிறது. விலையிலோ நிலைமை நேர்மாறு: விடெக்கை விற்பவர்களுக்கு அதன் பெயரின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

கரி டிராக் சிறியது, 2.1 கிலோமீட்டர்தான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தய வண்டியை உருவாக்கி, நடுத்தர வசதிக்காரர்களையும் பந்தயத்துக்குள் இழுத்து வந்த எஸ். கரிவர்தனின் பெயர் அது. 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய இடத்தில் மலிவான, எடை குறைந்த வண்டி எடுபடுவது பொருத்தம்தான்: நேர்ப்பாதைகள் குறுகியவை, ஒரு வளைவு முடிந்து மூச்சுவிடும் முன் அடுத்தது வந்துவிடும். 1990-இல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர்; நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் வேகமான வளைவு. அங்கே விடெக்கின் 106-க்கு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கோவைக்கு மட்டும் போகப்போகிறவர் அந்த நேர்ப்பாதைக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பிரேக் கணக்கும் இதோடு சேர்ந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு இறங்கும் ஒவ்வொரு முறையும், ஓட்டுநரோடு சேர்த்து 1075 கிலோ வரும் சிட்டி சுமார் 265 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். 825 கிலோ ஜென்னுக்கு அது 204. கால் பங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் வளைவுக்கு வளைவு. மூன்று வண்டியிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். குடும்பத்தோடு குற்றாலம் போய்வருவதற்காகச் செய்யப்பட்ட பிரேக்குகள் அவை.

இவ்வளவையும் கேட்டால் ஜென்தான் ஜெயித்தது என்று தோன்றும். டிராக்குக்குள் மட்டும் என்றால் நானும் ஜென்னைத்தான் சொல்வேன். அது சொன்னபடி திரும்பும், டயரையும் பிரேக் பேடையும் மெதுவாகத் தின்னும், ஓட்டுகிறவரின் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். பழகுகிறவருக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய வரம். இடிப்பது அந்த 350 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் லிட்டர் எஞ்சின் மணிக்கணக்கில் உயர்ந்த சுற்றில் கத்திக்கொண்டே போக வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் கயத்தாறைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? டிராக்கில் களைத்துவிட்டு, அன்றிரவே அதில் திரும்புவது யாருக்கும் உகந்ததல்ல.

சிட்டியின் சங்கடம் வேறு வகை. எஞ்சினும் கியர் மாற்றமும் இந்த மூன்றில் ஒப்பற்றவை. ஒரு முறை ஓட்டியவர் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் இன்று கிடைக்கும் விடெக்குகளில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் ஏற்கெனவே "மாற்றி" வைத்திருப்பார்: அறுத்த ஸ்பிரிங், பெரிய சைலன்சர், எங்கே போகிறது என்று தெரியாத ஒயர்கள். அதைச் சரிசெய்யவே பட்ஜெட்டில் பாதி போய்விடும். உதிரிபாகம் நெல்லையில் கையோடு கிடைப்பதும் அரிது. கோவைக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டு, பார்சல் வரும்வரை வண்டியைப் பட்டறையில் விட்டுவைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2003-இல் வந்த அடுத்த தலைமுறை சிட்டியின் 1.5 எஞ்சின் 77 குதிரைத்திறன்தான். பெயரையும் சிசியையும் மட்டும் பார்த்து அதை வாங்கிவிடக் கூடாது.

எஸ்டீமுக்கு யாரும் கவிதை எழுதவில்லை. தோற்றம் சாதுவானது, தகடு மெலிந்தது, உள்ளே பிளாஸ்டிக் நடுங்கும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். அதே 1.3 லிட்டர் குடும்பத்து எஞ்சின் ஜிப்சி கிங்கிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டிலும் இருந்ததால், அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் நம் மாவட்டத்தில் இல்லை. பந்தயங்களிலும் ராலிகளிலும் பல ஆண்டுகள் அடிபட்ட வண்டி. எங்கே பழுதாகும் என்பது பழகியவர்களுக்கு மனப்பாடம். நான்குவழிச் சாலையில் 90-இல் அமைதியாகப் போகும். டிக்கியில் கருவிப்பெட்டி, ஜாக்கி, தண்ணீர் கேன், கூட வருகிறவரின் பை என எல்லாம் கொள்ளும். பெரிய குறை டயர். 13 அங்குலத்தில் நல்ல பிடிமானமுள்ள டயர் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே போகிறது. (கங்கைகொண்டானில் டயர் தொழிற்சாலை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்; அங்கே செய்வது டிராக்டருக்கும் சுரங்க வண்டிக்குமான டயர்.)

எஸ்டீம் என்று முடிவு செய்த பிறகும், எந்த எஸ்டீம் என்பதில் நம் ஊருக்கென்று சில கண்டங்கள் உண்டு.

ஒன்று, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ கார்கள் முழுகின. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தக் கார்களில் பல, கழுவித் துடைக்கப்பட்டு இப்போது விற்பனைக்கு நிற்கின்றன. தரகர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத கடைசி ஒரு முழத்தில் காவி நிறக் கறை கோடுபோட்டது போல் இருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, ஸ்டெப்னி குழியின் மூலையில் காய்ந்த வண்டல் ஆகியவற்றையும் பாருங்கள். இவை பேசும்போது தரகரின் பேச்சு தேவைப்படாது.

இரண்டாவது, உப்பு. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிப் பக்கம் வளர்ந்த வண்டியின் மேல் பெயின்ட் பளபளக்கும்; அடியில் தகடு இற்றுப்போயிருக்கும். எஸ்டீமின் மெல்லிய தகட்டில் இது பெரிய விஷயம். முன் ஷாக் அப்சார்பர் மேலே பூட்டும் இடத்தையும், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் தகடு. பொதபொதவென்று கேட்டால் உள்ளே துருவை மறைக்கப் பூசிய பட்டி. டிராக்கில் முழுச் சுமையும் ஏறுவது அந்த இடத்தில்தான். விலை எவ்வளவு குறைத்தாலும் அத்தகைய வண்டியை விட்டுவிடலாம்.

மூன்றாவது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நம் பகுதியில் கூலன்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தால் ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் டவுனில் நிற்கும்போதே சூடேறும் வண்டி, டிராக்கில் பத்து நிமிடம் தாங்காது.

கூடவே, இந்த வயதுக் கார்கள் எல்லாமே 15 ஆண்டைத் தாண்டியவை. ஆர்.சி. புதுப்பிக்கப்படாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும், சாலையில் ஓட்டிப் போகப்போகிற நமக்கு அது வெறும் இரும்பு.

வாங்கியபின் பணத்தை எங்கே போடுவது என்பதில் சண்டை முடிவதே இல்லை. பிரேக்கா, டயரா, ஸ்பிரிங்கா? எனக்குத் தெரிந்த மேலப்பாளையம் மெக்கானிக் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "அண்ணாச்சி, பிரேக்கைத் தொட்டால் ஆயிரத்தில் முடியும். ஸ்பிரிங்கைத் தொட்டால் எங்கே முடியும் என்று எனக்கே தெரியாது." முதல் செலவு பிரேக் ஆயிலுக்குத்தான். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பின் தரநிலை கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். பல ஆண்டுகள் மாற்றாத ஆயிலோடு டிராக்கில் இறங்கினால் சில சுற்றுகளிலேயே அது கொதித்து, மிதி தரை வரை இறங்கிவிடும். முழுவதையும் வடித்து, சீல் பிரிக்காத புதுப் பாட்டிலிலிருந்து டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். வெடித்த ரப்பர் ஹோஸ்களை மாற்றி, நல்ல பேடு போட்டால் அந்த வேலை முடிந்தது. இரண்டாவது டயர், புதுத் தேதி டயர் நான்கு. அடுத்து, சக்கரத்தைத் தாங்கும் புஷ், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைக் கம்பெனி அளவிலேயே புதிதாக மாற்றுவது. இருபது வருடத்து எஸ்டீமுக்கு இது மட்டுமே மறுபிறவி.

ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவதைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு வரவில்லை. அறுத்தால் சக்கரம் மேலேறும் இடம் குறைந்து, வளைவின் நடுவில் ரப்பர் முட்டில் இடித்து, அந்த நொடியில் பிடி விட்டுப்போகும். அழகுக்காகச் செய்வதென்றால் வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டகம், வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. பந்தயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய வண்டிக்கு வேண்டும். சாலையிலும் ஓட்டுகிற வண்டிக்கு, ஹெல்மெட் இல்லாத தலைக்கு அருகில் இரும்புக் குழாய் இருப்பது இன்னொரு ஆபத்து. பக்கத்தில் மோதினாலே தலை அதில் அடிபடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. காப்பீட்டையும் நம்ப வேண்டாம். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதம் வழக்கமான பாலிசியில் வராது. டிராக்கில் நொறுங்கினால் நம் கைக்காசுதான். நேரம் குறித்து மோதும் பந்தயம் என்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யின் உரிமமும் வேண்டும்.

கோவையில் இறங்கும் முன் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, சக்கர நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்; இரண்டு ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடியும் பாருங்கள். வேகமாக ஓட்டி வந்தபின் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுவது நல்லது. சுட்ட டிரம்மில் லைனர் ஒட்டிக்கொள்ளும்.

ஓரிரு மாதம் தேடியும் துருப்பிடிக்காத எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீம் கிடைக்காவிட்டால் கார்புரேட்டர் எஸ்டீமுக்கு இறங்காதீர்கள். 20 குதிரைத்திறனை விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது வீண். அதைவிட 2005-க்கும் 2009-க்கும் இடைப்பட்ட பெட்ரோல் ஸ்விஃப்ட்டைப் பாருங்கள். அதே 1.3 எஞ்சின், 87 குதிரைத்திறன். எடை நூறு கிலோவுக்கு மேல் கூடுதல், விலையும் சற்றுக் கூடுதல். 14 அங்குல டயர் எங்கும் கிடைக்கும், தகடும் திடம்.